பதிமூன்று கேட்

லிஃப்ட் மெக்கானிக்குக் கை சும்மா இருக்காது. எந்த வயரைப் பார்த்தாலும் இழுத்துப் பார்த்தாக வேண்டும்.

அவன் மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவள். ஆறு மாதமாக ஃபோனில் ஒரு புதிர் விளையாட்டே கதியென்று கிடந்தாள். அதில் கேட் என்று ஒரே ஒரு சின்னப் பெட்டியைத்தான் கொடுப்பார்கள். இரண்டு வயரிலும் மின்சாரம் வந்தால் அது அணையும். மற்றபடி எரிந்துகொண்டே இருக்கும். அதை மட்டும் அடுக்கி அடுக்கிக் கடைசியில் கணக்குப் போடுகிற மின்சுற்றையே கட்டிவிடலாம்.

"உங்க அம்மா மாதிரிங்க இது," என்று அவனுக்கு விளக்கினாள். "நான் தனியா வந்தாலும் சரி, உங்க அக்கா தனியா வந்தாலும் சரி, முகம் எரியும். ரெண்டு பேரும் சேர்ந்து வந்து நின்னாத்தான் அணையும்."

கூட்டல் சுற்றுக்கு அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. பதிமூன்று கேட். அதைக் காட்டித்தான் சுற்று வடிவமைப்பு வகுப்பில் சேர நேர்முகத் தேர்வுக்குப் போவதாக இருந்தாள். பட்டம் கேட்கவில்லை, சொந்தமாகக் கட்டிய ஒன்றை விளக்கினால் போதுமாம்.

தேர்வன்று காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். ஃபோன் மேஜைமேல் கிடந்தது. திறந்து பார்த்தான். ஒரே வேலைக்கு இரண்டு கேட் நிற்பது கண்ணை உறுத்தியது. ஒன்றை எடுத்தான், பிறகு இன்னொன்று. குளியலறைக் கதவு திறப்பதற்குள் ஒன்பதில் முடித்துவிட்டான். தங்க நட்சத்திரம் விழுந்தது. அந்த விளையாட்டு குறைந்த கேட்டில் முடித்த விடையை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும். அங்கே போய்ப் பார்த்து அசந்து போகட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

மதியம் வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னாச்சு?"

"முதல் கேட்லேர்ந்து ஏன் மூணு வயர் போகுதுன்னு கேட்டாரு. எனக்குத் தெரியலை."

"வீட்டுக்காரர் மாத்திட்டாருன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். வேற யாரு அதுல கை வைக்கப் போறா? அப்போ அவரை வரச் சொல்லுங்கம்மான்னு சிரிச்சாரு."

"நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"தெரியும்ங்க. ஆனா பதிமூணுல ஒவ்வொண்ணும் எதுக்கு நிக்குதுன்னு நான் சொல்லியிருப்பேன்."

சத்தம் போட்டிருந்தால் அவனுக்குத் தேவலை. அவள் எழுந்து சோறு எடுத்து வைக்கப் போனாள்.

மறுநாள் அவனே அந்த வகுப்பு நடத்தும் அலுவலகத்துக்குப் போய்ப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு நின்றான். இடமெல்லாம் நிரம்பிவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். திரும்பி வந்து அந்தப் பதிமூன்றை மறுபடி அடுக்கப் பார்த்தான். எத்தனை முறை அடுக்கினாலும் ஒன்பதுதான் வந்தது. எடுத்தெறிந்த நான்கும் எங்கே நின்றன, ஏன் நின்றன என்று அவன் பார்க்கவே இல்லையே.

வாரங்கள் போயின. அவள் விளையாட்டைத் திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"நீ கட்டினது எப்படின்னு எனக்குச் சொல்லிக் கொடேன்."

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கே மறந்துபோச்சுங்க," என்றாள்.

அவன் ஒரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தான். கோணலாகத்தான் வந்தது. அவள் அதைத் திருத்தாமல் வாங்கி அடுக்கில் வைத்தாள்.