கடலுக்கு வெட்டிய சுடிதார்

விமான நிலையத்தில் கடைசிப் பெட்டியையும் யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். சுழல்பட்டை நின்றது. எங்கள் பெட்டி வரவில்லை.

“ரெண்டு பெட்டி வேணாம், ரெண்டுன்னா ஒண்ணு தொலையும்னு சொன்னது யாருங்க?” என்றாள் மனைவி.

நான்தான். பார்சல் அலுவலகத்தில் ஊர்வாரியாகப் பிரிக்கும் பகுதியில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். அனுபவத்தில் சொன்னது.

கவுண்டரில் இருந்தவர் படிவம் நிரப்பினார். நாளைக்குள் அறைக்கே வந்துவிடும், கையெழுத்துப் போட ஆள் இருக்க வேண்டும் என்றார்.

எங்களுக்கு இருந்தது நான்கு நாள். முதல் வெளிநாட்டுப் பயணம். நான் சும்மா வந்தேன். அவள் கடலில் நீந்த வந்தாள்.

அவள் ரவிக்கை தைப்பவள். வயது நாற்பத்தெட்டு. எட்டு மாதமாக, காலை ஐந்தரை மணிப் பெண்கள் வகுப்பில் நீச்சல் பழகினாள். குளத்தின் நீளத்தை நிற்காமல் எட்டு முறை கடப்பாள். கடலில் கால் நனைத்ததோடு சரி. நீச்சல் உடையையும் அவளே தைத்தாள். கருநீலம், முழுக்கை, முழங்கால்வரை. அது பெட்டியில் இருந்தது.

அறை ஜன்னலில் கடல் தெரிந்தது. கரையிலிருந்து தள்ளி ஒரு மரமேடை மிதந்தது. ஆட்கள் நீந்திப் போய் அதில் ஏறி உட்கார்ந்தார்கள். ஒரு பார்வையில் தோள் அளவு சொல்பவள், அதையும் பார்வையால் அளந்தாள்.

“நம்ம குளத்துல நாலு தடவை. அவ்வளவுதான்.”

“பெட்டி வரட்டும்.”

“வரட்டும், வரட்டும்.”

முதல் நாள் வரவில்லை. கடற்கரைக் கடையில் நீச்சல் உடைகள் தொங்கின. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் விரித்துப் பார்த்தாள்.

“இது கர்சீப்புங்க.”

திரும்பத் தொங்கவிட்டாள்.

இரண்டாம் நாளும் வரவில்லை. உடுத்தியிருந்ததையே துவைத்து, ஹேர் டிரையரில் காயவைத்தோம். காயும்வரை ஹோட்டலின் வெள்ளை அங்கி.

“தாடி ஒண்ணுதான் குறைச்சல். ஆசிரமம் ஆரம்பிச்சிரலாம்” என்றாள் என்னைப் பார்த்து.

“சுடிதாரோட இறங்கேன்.”

“தொளதொளன்னு துணி இருந்தா தண்ணியில கயிறு மாதிரி காலைச் சுத்தும். டீச்சர் முதல் நாளே சொன்னாங்க.”

“வெட்டிரு.”

“நாளைக்கு டிரெஸ் வரப்போகுது. புதுச் சுடிதாரை யாராச்சும் வெட்டுவாங்களா?”

ஜன்னலருகே நாற்காலியைப் போட்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் மடியில் நீந்தின.

மூன்றாம் நாள் காலை, எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தங்கை போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அண்ணா, எப்ப திரும்பி வந்தீங்க?”

“எங்க வந்தோம்? இங்கதான் இருக்கோம்.”

“அப்ப பெட்டி மட்டும் எப்படி வந்துச்சு? வாசல்ல நிக்குதே. கொண்டு வந்தவரு கையெழுத்து வாங்கிட்டு இப்பதான் போனாரு. விலாசத்தை எவ்வளவு பளிச்சுன்னு ஒட்டியிருக்காங்கன்னு ஒரே பாராட்டு.”

மனைவி என்னைப் பார்த்தாள்.

கிளம்பும் முன் பெட்டியின் நாலு பக்கமும் நான்தான் ஒட்டினேன். எங்கள் வீட்டு விலாசம், தடித்த எழுத்தில். மேலே டேப். விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டு கிழிந்திருக்கும். என் சீட்டு இருந்தது.

“பெறுநர்னு போட்டீங்களா?”

“கை பழக்கம்.”

“எந்த மழைக்கும் உரியாதுன்னீங்க.”

“உரியலையே.”

திட்டுக்குக் காத்திருந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது. கண்ணில் நீர்.

“அண்ணா, அண்ணி அழறாங்களா?” என்றாள் தங்கை.

போனை வைத்தேன்.

“அப்ப பெட்டி வராது.”

“வராது.”

“நிச்சயமா?”

“கையெழுத்து ஆயிடுச்சு.”

எழுந்தாள். “கீழ போய் கத்தரிக்கோல் கேட்டு வாங்கிட்டு வாங்க. ஓடுங்க!”

சட்டை காயவில்லை. அங்கியோடு ஓடினேன். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் இரண்டு விரலால் வெட்டிக் காட்டினேன். அவள் என் தலைமுடியைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

குளியலறையில் சின்ன அட்டையில் ஊசியும் வெள்ளை நூலும் இருந்தன. சுடிதார் மஞ்சள். மேல்சட்டையை இடுப்புக்குக் கீழே வெட்டினாள். கால்சட்டையை முழங்காலில். இரண்டு பக்கமும் உடம்போடு பிடித்து இரட்டைத் தையல் போட்டாள். ஊசியில் நூல் கோர்ப்பது என் வேலை.

“அங்க இல்லைங்க ஓட்டை. கண்ணாடியைப் போடுங்க.”

ஐம்பது நிமிடம். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். போட்டுக்கொண்டு கையை மேலே தூக்கினாள், குனிந்தாள், உதைத்துப் பார்த்தாள். பிரியவில்லை.

கடற்கரையில், மேலே போட்டிருந்த ஹோட்டல் அங்கியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

“இங்கயே நில்லுங்க. திரும்பிப் பார்த்தா தெரியணும்.”

“பயமா இருக்கா?”

“இருக்கு. ஐயோ, ஜாலியாவும் இருக்குங்க!”

இறங்கினாள். முதல் அலை அவளைக் கரைக்கே தள்ளியது. இரண்டாவதில் தலையைக் கொடுத்து உள்ளே போனாள். மஞ்சள் தெரிந்தது. மறைந்தது. தெரிந்தது. கை மாற்றிக் கை. குளத்துக் கணக்கில் ஒரு தடவை. இரண்டு.

பாதி தூரத்தில் மஞ்சள் நின்றுவிட்டது.

நான் நடந்தேன். முழங்கால். இடுப்பு. அங்கியைத் தலைக்கு மேல் பிடித்திருந்தேன்.

உயர நாற்காலியில் இருந்த காவலர் விசில் ஊதினார். அவளுக்காகத்தான் என்று இன்னும் ஓரடி வைத்தேன். அவர் எழுந்து நின்று மறுபடி ஊதினார். கை நீட்டியது அவளை நோக்கி இல்லை. என்னை.

அங்கே அவள் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். களைத்தால் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார்களாம். கொஞ்ச நேரத்தில் புரண்டாள். கை மறுபடி எழுந்தது.

மூன்று. நான்கு.

மேடையில் ஒருவர் கை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை. விளிம்பைப் பற்றி, வழுக்கி, மறுபடி பற்றி ஏறினாள். நிமிர்ந்து நின்றாள். மஞ்சள் சுடிதாரில் ஒரு தையல் விடவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கரையில் என்னைத் தேடினாள். நான் அங்கே இல்லை. பார்வை கீழே இறங்கியது.

அவள் கத்தியது தண்ணீர்மேல் தெளிவாகக் கேட்டது.

“கரைக்குப் போங்க! உங்களுக்கு நீச்சல் தெரியாது!”

விசில் ஊதிக்கொண்டே இருந்தது. நான் அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தேன்.