மோஸ்டினின் வலது கை

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அது வந்ததிலிருந்து பெர்வினை யாரும் திட்டுவதில்லை.

முன்பெல்லாம் கும்ஹெலிக் ரக்பி அணியின் உடை மாற்றும் அறைக்குள் அவன் கால் வைத்த நொடியே ஆரம்பித்துவிடும். காலிஃப்ளவர் மாதிரி நசுங்கிய காது, முப்பத்தொன்றிலேயே ஏறிப்போன நெற்றி, சேப்பல் என்கிற சின்னத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் அம்மா என்று எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். அங்கே அவன் பெயரே ‘சேப்பல்’தான். இப்போது சோப்பை எடுத்துக் கையில் கொடுக்கிறார்கள். தெரியாமல் இடித்துவிட்டால் ‘ஸாரி’ என்கிறார்கள். வேல்ஸ் தேசிய அணிக்குப் பதினான்கு முறை ஆடிய காலத்தில்கூட அவனுக்கு இத்தனை மரியாதை கிடைத்ததில்லை. மரியாதையாம் மரியாதை! வாடகைக்கு வந்த புதுக் குடித்தனக்காரனிடம் பேசுகிற மாதிரி பேசினார்கள். பெர்வினுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

பேப்பரில் இருந்தது இவ்வளவுதான். பெர்வின் ப்ரோதெரோ ஒரு ‘கே’, அதாவது ஆணை விரும்பும் ஆண். கெரைன்ட் என்கிற கணக்கு வாத்தியாரோடு நான்கு வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறான். இனிமேல் அதை மறைக்கப் போவதில்லை. மேலே கொட்டை எழுத்தில் ‘தைரியசாலி’ என்று போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு அதில் ஒரே ஒரு வருத்தம்.

“உனக்குப் பன்னெண்டு வயசுலயே எனக்குத் தெரியும்டா. அதுக்குன்னு ஞாயித்துக்கிழமையாப் பாத்தா போடச் சொல்லுவ? ஆராதனைக்கு வந்த அத்தன பேர் கைலயும் அதே பேப்பர். ரெண்டு பாட்டத் தப்புத் தப்பா வாசிச்சேன்.”

அம்மாவைச் சமாளித்துவிடலாம். ஸ்க்ரம்மைத்தான் சமாளிக்க முடியவில்லை.

எட்டுப் பேர் இந்தப் பக்கம், எட்டுப் பேர் அந்தப் பக்கம், தலை கோத்து முட்டித் தள்ளுவது ஸ்க்ரம். முன்வரிசை மூன்று பேரில் நடு ஆள் பெர்வின். அவன் இரண்டு கைகளும் இரு பக்கத்து ஆட்களின் தோள்மேல் கிடக்கும். ஆகவே தன்னைத் தாங்கிக்கொள்ள அவனிடம் கையே கிடையாது. பக்கத்து ஆட்கள் அவனை இறுக்கிக் கட்டித் தூக்கிப் பிடித்தால்தான் உண்டு. பிடி நழுவினால் முதலில் சேற்றுக்குப் போவது அவன் தலை. கழுத்து முறிந்தாலும் கேட்பதற்கில்லை.

இடப்பக்கம் நிற்பவன் மோஸ்டின். அப்பா மீனும் சிப்ஸும் விற்கிற கடை வைத்திருப்பதால் ‘சிப்ஸ்’. பள்ளிக்கூட அணி தொடங்கிப் பதினைந்து வருடமாக அவனுக்கு அதே இடம். அவனுடைய வலது கை பெர்வினின் முதுகைச் சுற்றி வந்து, மறுபக்க அக்குளுக்குக் கீழே ஜெர்சியைக் கொத்தாகப் பிடிக்கும். ஆட்டம் முடிந்து பார்த்தால் விலாவில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருக்கும். கெரைன்ட் அதைப் பார்த்துப் பொறாமைப்படுவதாக நடிப்பான். பேப்பர் வந்த பிறகு ஆடிய மூன்று ஆட்டங்களில் அங்கே ஒரு தடமும் இல்லை. ஸ்க்ரம் ஏழு முறை விழுந்தது.

வியாழக்கிழமை கோச் க்ளான்மோர் கூப்பிட்டு அனுப்பினார்.

“உடம்புக்கு ஏதாவதா?”

“இல்ல கோச்.”

“மனசுக்கு?”

“அதுவும் இல்ல.”

“அப்போ சனிக்கிழமை ஒழுங்கா நில்லு. திரும்பத் திரும்ப விழுந்துச்சுன்னா வெளிய இழுத்து உக்கார வச்சிடுவேன். மார்ச்ல ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் வச்சுக்கோ. எனக்கும் மேல பதில் சொல்ல ஆள் இருக்கு.”

வெளியே உட்கார வைத்தால் ஊர் என்ன சொல்லும் என்று பெர்வினுக்குத் தெரியும். ‘சொன்னான், அதோட ஆட்டம் போச்சு’ என்பார்கள். எந்த ஊரிலோ எந்த அணியிலோ வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருக்கும் இன்னொருவன் அதைக் கேட்டு மறுபடி வாயை மூடிக்கொள்வான். தான் தோற்பதைவிட அது அவனுக்கு வலித்தது.

வீட்டில் அவனால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பூட்ஸ் கயிற்றைக் கழற்றிக் கோத்தான். மறுபடியும் கழற்றினான். கெரைன்ட் பரீட்சைத் தாள் திருத்துவதை நிறுத்தினான்.

“மோஸ்டின் சரியாப் பிடிக்கலன்னு கோச்கிட்ட சொல்றதுதான?”

“சொன்னா? மறுநாளே அவன் மூஞ்சி பேப்பர்ல வரும். கூட ஆடறவனத் தொட மாட்டேன்னவன்னு எழுதுவானுங்க. அவன் பொண்ணு பள்ளிக்கூடம் போக வேண்டாமா?”

“அப்போ அவன்கிட்டயே கேளு. எங்கிட்டப் பொலம்பி என்ன ஆகப்போவுது? முதல்ல அந்த பூட்ஸக் கீழ வை. பாவம், அது என்ன பண்ணுச்சு?”

வெள்ளிக்கிழமை மதியம் பெர்வின் சிப்ஸ் கடைக்குப் போனான். பயிற்சி முடிந்த வெள்ளிக்கிழமைகளில் மோஸ்டின் அப்பாவுக்கு ஒத்தாசையாகக் கல்லாவில் நிற்பான். வரிசையில் எட்டுப் பேர் இருந்தார்கள். அவன் நுழைந்ததும் எல்லோரும் சுவரிலிருந்த விலைப்பட்டியலை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் போலப் படிக்க ஆரம்பித்தார்கள். மிஸஸ் பெய்னன் மட்டும் திரும்பினாள்.

“ஏய் பெர்வின், பேப்பர்ல படிச்சேன்.”

கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“நீ யாரோட குடும்பம் நடத்துனா எனக்கென்ன? பந்து கோட்டுக்கு வெளிய போனா நீதான உள்ள எறியற? நேரா எறியேன்டா! கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடு. எங்க வீட்டுக்காரர் போன வாரம் டிவி மேல செருப்ப விட்டெறிஞ்சாரு.”

“சரிங்க மிஸஸ் பெய்னன்.”

“என்ன சரி? செருப்பு இன்னும் கெடைக்கல.”

பெர்வினுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று வாரத்தில் அவனை மனிதனாக மதித்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் அவன் நிமிர்வதற்குள் மோஸ்டின் கல்லாவை விட்டுப் பின்கட்டுக்கு நழுவியிருந்தான். பெர்வினும் விடாமல் பின்னாலேயே போனான். உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே அவனை மறித்து நின்றான்.

“ஏன்டா சரியாப் பிடிக்க மாட்டேங்கற?”

“பிடிக்கத்தான பிடிக்கிறேன்.”

“முட்டைய எடுக்கற மாதிரி எடுக்கற. எங்கழுத்துடா அது. என்னத் தொட அருவருப்பா இருந்தா வாயத் தொறந்து சொல்லிடு.”

மோஸ்டினின் முகம் செத்துப்போயிற்று. எதையோ சொல்ல வந்தவன், “எண்ண கருகுது” என்று அவனைத் தாண்டிக்கொண்டு போய்விட்டான். அடுப்பில் அப்போது எதுவும் வேகவில்லை.

சனிக்கிழமை மழை கொட்டியது. முதல் ஸ்க்ரம் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. பெர்வின் வாயிலிருந்து மண்ணைத் துப்பிக்கொண்டு எழுந்தபோது, கோட்டோரம் மாற்று ஆள் மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. மூன்றாவது ஸ்க்ரம் தங்கள் எல்லைக் கோட்டுக்கு ஐந்து மீட்டரில். நடுவர் இரண்டு கேப்டன்களையும் நிறுத்தி வைத்துக் கடுமையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த இடைவெளியில் மோஸ்டின் அவன் பக்கம் திரும்பினான். கண்ணில் மழைத்தண்ணீரோ என்னவோ.

“அருவருப்பான்னா கேட்ட? எனக்கு எம்மேலதான்டா அருவருப்பு. பதினஞ்சு வருஷமா உன் காதுப் பக்கத்துல நின்னு உன்ன மாதிரி ஆளுங்களப் பத்தி என்னென்ன சொல்லியிருக்கேன்? பஸ்ல, குளிக்கற எடத்துல, எல்லா எடத்துலயும். அத்தனையும் கேட்டுக்கிட்டு நீ சும்மா இருந்திருக்க. இப்ப ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. டென்சில அப்படித்தான தொரத்தினேன்? உம்மேல கை வைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு விரல் மடங்க மாட்டேங்குது.”

டென்சில் ஒன்பது வருடத்துக்கு முன்னால் பின்வரிசையில் ஆடியவன். அமைதியானவன். அவன் குளிக்க வந்தால் எல்லோரும் கிறீச்சென்று கத்தி, உடம்பைத் துண்டால் மூடிக்கொள்வதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார்கள். ஒரு பருவம் முழுவதும் தாங்கிப் பார்த்தான். பிறகு வரவில்லை. அவன் நிஜமாகவே அப்படிப்பட்டவனா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பக்கத்திலிருக்கும் நீத் என்கிற ஊரில் டயர் கடையில் வேலை செய்கிறான் என்று கேள்வி.

‘போனது போகட்டும், மன்னிச்சிட்டேன்’ என்று பெர்வின் சொல்லியிருந்தால் போதும். மோஸ்டின் நன்றியோடு இறுக்கிப் பிடித்திருப்பான், ஸ்க்ரம் நின்றிருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவனால் சொல்ல முடியவில்லை.

“டென்சில் விஷயத்த நீ ஆரம்பிக்கல. நாந்தான் ஆரம்பிச்சேன்.”

“என்ன?”

“ஸ்வான்ஸி போற பஸ்ல மொதல்ல சொன்னது நான். குளிக்கற எடத்துல மொதல்ல கத்துனதும் நான். எம்மேல யாருக்கும் சந்தேகம் வந்துடக் கூடாதுன்னு அவனக் காட்டிவிட்டேன். நீ பின்னால சேந்துக்கிட்ட, அவ்வளவுதான்.”

மோஸ்டின் அவனையே பார்த்தான். நடுவர் விசில் ஊதினார்.

“முன்வரிசை! குனி!”

குனிந்தார்கள். மோஸ்டினின் வலது கை முதுகைச் சுற்றி வந்தது. ஜெர்சியோடு சதையையும் சேர்த்துக் கொத்தாக அள்ளியது. பெர்வினுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“நாயே,” என்றான் மோஸ்டின் பல்லைக் கடித்துக்கொண்டு. “ஒம்போது வருஷமா அவன் மொகம் என் மனசுல உறுத்திக்கிட்டு இருக்குடா. நாயே!”

“பிடி! மோது!”

மோதினார்கள். எதிர் முன்வரிசை ஒரு சாண் பின்வாங்கியது, பிறகு ஒரு முழம், பிறகு மொத்தமாகக் கலைந்து சிதறியது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அதற்குப் பிறகு அன்றைக்கு ஸ்க்ரம் ஒரு முறைகூட விழவில்லை. மூன்று புள்ளியில் ஜெயித்தார்கள். மாற்று ஆள் மேல்சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டான். கோச் க்ளான்மோர் தூரத்திலிருந்தே கட்டைவிரலைக் காட்டினார். பெர்வினின் இடம் பெர்வினிடமே இருந்தது.

உடை மாற்றும் அறையில் அவன் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடினான். பாட்டு ஆரம்பித்திருந்தது. யாரோ தோளை உலுக்கினார்கள். மோஸ்டின் சேறு ஒழுக, கார் சாவியோடு நின்றான்.

“எழுந்திரு. நீத்துக்குப் போறோம். டயர் கடைய ஆறு மணிக்குத்தான் மூடுவாங்க.”

“இன்னும் குளிக்கலடா.”

“எழுந்திருன்னா எழுந்திரு. அவன்கிட்ட நானும் சொல்ல வேண்டியது இருக்கு. ஆனா மொதல்ல நீ.”

“திடுதிப்புன்னு போய் அவன்கிட்ட நான் என்னன்னு சொல்றது?”

“ஊருக்கே பேப்பர் போட்டு சொல்லத் தெரிஞ்சுதுல்ல?” என்றான் மோஸ்டின். “அவன் ஒருத்தனுக்குச் சொல்ல வாய் வரலையா?”

பெர்வின் எழுந்து, சேற்றுக் காலோடு அவன் பின்னால் நடந்தான்.