திரும்பி வந்த பெட்டிகள்

ஜித்ராவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஜலீலுக்கு ஒரு விமான நிறுவனத்திடமிருந்து நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பெட்டிகளுக்கு ஆர்டர் கிடைத்த நாளில், அவர் மனைவி ஜைனப் கடைக்கு வந்த எல்லோருக்கும் தேநீர் கலக்கிக் கொடுத்தாள்.

பிறகு பயணிகள் குறைந்தார்கள். நிறுவனம் சிக்கனத்தில் இறங்கியது. முதலில் பெட்டியிலிருந்து முட்டையை எடுக்கச் சொன்னார்கள். அப்புறம் நெத்திலியை. கோழித்துண்டு பாதியானது. பிளாஸ்டிக் கரண்டிகூடப் போயிற்று. ஜலீல் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஒரு மாலை, நிறுவனத்தின் உணவுப் பிரிவில் வேலை பார்க்கும் சசிகுமார் வேனில் வந்து இறங்கினான். காலையில் அனுப்பிய பெட்டிகளில் விற்காதவை வேனுக்குள் அடுக்கியிருந்தன.

“அண்ணே, இதெல்லாம் ஃபிரிட்ஜ்ல வைங்க. நாளைக்குச் சூடு பண்ணி, தேதி ஸ்டிக்கர மட்டும் மாத்திடலாம்.”

“என்ன தம்பி சொல்றே? தேங்காப்பால் சோறு. காலையிலிருந்து பிளேன்ல சுத்திட்டு வருது.”

“கம்பெனி ரொம்ப சூசா, கஷ்டத்துல இருக்குண்ணே. மேலேர்ந்து சொல்லிட்டாங்க. யாருக்குத் தெரியப் போவுது?”

ஜைனப் ஒரு பெட்டியைப் பிரித்தாள். மூடியின் உட்புறம் வியர்த்துச் சொட்டியது. சோறு நூல்விட்டிருந்தது. மிளகாய்ச் சம்பலின் மேல் வெளுத்த நுரை. புளித்த வாடை முகத்தில் அடிக்க, தலையில் போட்டிருந்த தூடோங் துணியின் நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இத நீ சாப்பிடுவியா தம்பி?” என்று பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்றுதான் ஜலீல் நினைத்தார். சசிகுமார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டான்.

“வேணாம் தம்பி, வச்சிடு,” என்றார் ஜலீல்.

அவன் நிறுத்தவில்லை. கண்ணில் நீர் முட்டியது. குமட்டல் வந்தது. கையால் வாயைப் பொத்தி விழுங்கினான். ஓரத்தில் ஒட்டியிருந்த சம்பலைக்கூட விரலால் வழித்தான்.

“பாருங்கண்ணே, ஒண்ணும் ஆகல லா. நல்லாத்தான் இருக்கு.” சிரித்தான். பல்லெல்லாம் சிவப்பு.

கெட்டுப்போன சோற்றை ஜலீல் எத்தனையோ தடவை கொட்டியிருக்கிறார். அதைத் தின்றுவிட்டுச் சிரிக்கிற வாயை இப்போதுதான் பார்த்தார். அந்த முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

“எடுத்துட்டுப் போ. என் அடுப்புல இது ஏறாது.”

“ஆர்டர் போயிடும்ணே. இதச் சூடு பண்ணித் தர கூலிம்ல வேற கடைக்காரன் ரெடியா இருக்கான்.”

“போவட்டும்.”

வேன் கிளம்பி, கடைத்தெருத் திருப்பத்தில் நின்றது. சசிகுமார் கதவைத் திறந்து, குனிந்து வாந்தியெடுப்பது தெரிந்தது. வெகுநேரம் எடுத்தான். ஜலீல் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தார். பிறகு மேசையிலேயே வைத்துவிட்டார்.

சசிகுமார் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். மறுபடி ஏறி, பெட்டிகளோடு தெற்கே கூலிம் போகும் சாலையில் வண்டியைத் திருப்பினான்.

“யா அல்லா, அத வேற யாருக்கோ குடுக்கப் போறானே,” என்றாள் ஜைனப்.