மிர்த்தாலே பெயரில் ஓர் ஈயப் பொம்மை

ஏதென்ஸ் துறைமுகத்தில் மீன் விற்கும் மிர்த்தாலேக்குத் தொண்டைதான் பிழைப்பே. அன்று காலை, இடுகாட்டில் குழி தோண்டப் போயிருந்த அவள் தம்பி, அற்பாயுசில் போன ஒருவனின் கல்லறையில் கிடைத்த ஈயப் பொம்மையோடு ஓடிவந்தான். பொம்மையின் கைகள் முதுகுக்குப் பின்னால் முறுக்கப்பட்டிருந்தன. மார்பில், ‘மிர்த்தாலேயின் நாக்கு கட்டிப்போகட்டும்’ என்று கீறியிருந்தது.

“பக்கத்துக் கடை சோசியாஸ் வெச்ச செய்வினைதான்க்கா இது. தொடாதே, வாயடைச்சுப் போயிடும்!”

சந்தையே திரும்பிப் பார்த்தது. மிர்த்தாலே பொம்மையைப் பிடுங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள். நல்ல கனம். வலையை நீரில் அமிழ்த்தும் ஈயக் குண்டு கழன்றிருந்த தன் வலையோரத்தில் அதன் கழுத்தில் கயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பிறகு துறைமுகமே அதிரக் கத்தினாள்:

“யோவ் சோசியாஸ்! வலைக்கு இந்த ஒரு குண்டு பத்தாதுய்யா. இன்னும் நாலு பொம்மை செஞ்சு புதை!”