நீலமேகத்தின் பாடு

அம்மன் கோயில் வாசலில் சீட்டுக் குடத்தைக் குலுக்கும் சத்தம் கேட்டதும் செவ்வந்தி நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்தது.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் பாடு என்ற சொல் இல்லாமல் ஒருவருக்கும் பொழுது போகாது. ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பார்களே, அந்த முறைக்குப் பெயர் பாடு. வலையில் விழுவதும் பாடுதான், "இன்னிக்கு பாடு எப்டி?" என்றுதான் கரையில் விசாரிப்பார்கள். பொம்பளைகள் படுவதற்கும் அதே பெயர்தான், வேறு சொல் யாரும் கண்டுபிடிக்கவில்லை. செவ்வந்தியின் புருஷன் நீலமேகம் ஐப்பசி வாடைக்காற்றில் அவள் பேச்சைக் கேட்காமல் தன் பாட்டுக்கு முகத்துவாரம் போனான். கவிழ்ந்த படகு மட்டும் கரை ஒதுங்கியது.

பாடு ஆம்பளை பேரில்தான் நிற்கும். அவன் செத்தால் மகனுக்குப் போகும். மகன் இல்லாவிட்டால் ஊருக்கே திரும்பும். செவ்வந்திக்கு இருப்பது அர்ச்சனா ஒருத்திதான். உடம்பு கிடைக்காதவனுக்கு மட்டும் ஊர் ஒரு வழி விட்டிருந்தது: சீட்டில் பேர் வாசிக்கும்போது வீட்டார் "இருக்காரு" என்று சொன்னால் பாடு நிலைக்கும். இத்தனை மாதமும் கொழுந்தன் அஜித்குமார்தான் அண்ணனின் முறை நாளில் வலை கட்டிப் பாதி மீனைக் கொண்டுவந்து கொடுத்தான். அதில்தான் அவர்களின் வயிற்றுப்பாடு கழிந்தது.

புருஷன் போய்விட்டான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் ஒரு நாள் வாய்விட்டு அழ முடியவில்லை. அழுதால் அவன் செத்தவனாகிவிடுவான், பாடு போய்விடும். பூ வைத்துக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு, மீன் விற்கிற இடத்தில் சிரித்துக்கொண்டு நின்றாள். பாவி மகள், அழக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

"வாய் தடுமாறாம சொல்லிடு அண்ணி," என்றான் அஜித்குமார். "மத்தத நான் பாத்துக்கறேன்."

ஊர்த் தலைவர் தேவேந்திரன் சீட்டைப் பிரித்தார். "முகத்துவாரம், மொதப் பாடு. நீலமேகம்!"

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. நல்ல இடம். அவன் உயிரோடு இருந்தவரை ஒரு வருஷம்கூட அவனுக்கு விழாத இடம்.

"ஆளு இருக்கானா?" அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"இருக்காரு."

தலைவர் தலையாட்டிவிட்டு மறுபடி குடத்துக்குள் கை விட்டார். அஜித்குமார் பெருமூச்சு விட்டான். செவ்வந்தியின் இடுப்பை ஒட்டி நின்ற அர்ச்சனா முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நெசமாவா? நைனா இருக்குதா? எங்கம்மா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் குனிந்துகொண்டார்கள். பிள்ளை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு கரைக்கு ஓடி, வந்துகொண்டிருந்த படகுகளில் ஒவ்வொரு முகமாகத் தேட ஆரம்பித்தாள்.