மூன்றாக உடையும் சுரம்

மேனஸ் பிடில் வாசிக்கும்போது, நீளமாக ஒரு சுரம் வரவேண்டிய இடத்தில் அது வராது. கூழாங்கல்லைத் தகரத்தில் கொட்டியதுபோல் மூன்று சுரம் சடசடவென்று உதிரும். வில் அசைந்ததாகவே தெரியாது. அந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு உதறல் என்று பெயர். உதறத் தெரியாதவனை அங்கே பிடில்காரன் என்று சொல்லமாட்டார்கள், உப்பில்லாத உருளைக்கிழங்கு என்பார்கள். எல்லோரும் உதறத்தான் செய்தார்கள். ஆனால் மற்றவர்கள் உதறினால் கீறியது. மேனஸ் உதறினால் தெறித்தது.

அது எப்படி வருகிறது என்று நாப்லாவுக்குத் தெரிந்தாக வேண்டும்.

நாப்லா கில்லிபெக்ஸ் துறைமுகத்தில் ஒரு மீன் கம்பெனியில் வேலை பார்த்தாள். விடிந்ததிலிருந்து கானாங்கெளுத்தியின் வயிற்றைக் கீறிக் குடலை உருவும் வேலை. பொழுது சாயும்போது மணிக்கட்டு மரக்கட்டையாகிவிடும். இருந்தாலும் அந்த வாரம் முழுக்க மழையில் மிதிவண்டியை மேட்டில் தள்ளிக்கொண்டு மேனஸ் வீட்டுக்குப் போனாள். சனிக்கிழமை அவன் மகள் ரோஷாவுக்குக் கல்யாணம். பெண்ணின் தகப்பன் வீட்டுப் பிடில்தான் முதல் ஆட்டத்துக்கு வாசிக்க வேண்டும். அங்கே பிடில் தனியாக வாசிப்பதில்லை, இரண்டாகத்தான். ஒன்று மேலே, இன்னொன்று அதே பாட்டைக் கனமான கம்பிகளில் கீழே. இரண்டு வில்லும் ஒரே பக்கம் போய் ஒரே பக்கம் திரும்பவேண்டும். மேனஸ் எப்போதும் மேல். அவன் தம்பி பிரான்ஸி எப்போதும் கீழ். பிரான்ஸி ஸ்காட்லாந்தில் சுரங்கப் பாதை தோண்டும் கூட்டத்தோடு போனவன், காலை முறித்துக்கொண்டு அங்கேயே படுத்துவிட்டான். அவன் நாற்காலிக்குத்தான் நாப்லாவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கீழே வாசிக்கிறவளுக்கு உதறல் தேவையில்லை. கனத்த கம்பியில் அது எடுபடாது. அவள் தன் பாட்டுக்கு வாசித்துவிட்டு வந்திருக்கலாம். மனசு கேட்டால்தானே!

முதலில் வில்லில்தான் சூட்சுமம் என்று நினைத்தாள். அவன் வில்லை வாங்கி வாசித்துப் பார்த்தாள், கீறியது. பிறகு அவன் தொழில்மேல் சந்தேகம் வந்தது. மேனஸ் கம்பளி நெய்கிறவன், நாள் முழுக்கத் தறியில் கயிற்றைச் சுண்டி, நூல் கோத்த நாடாக்கட்டையை விரட்டுகிற கை. ஆனால் பள்ளத்தாக்கில் பாதிப்பேர் அதே கயிற்றைத்தான் சுண்டுகிறார்கள், அவர்களுக்கு வரக்காணோம். பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பழக்கத்தில், செவ்வாய்க்கிழமை நேராகவே கேட்டுவிட்டாள்.

"மேனஸ், நில்லு. அந்த எடத்த இன்னொருக்கா வாசி."

"எந்த எடம்?"

"சடசடன்னு கொட்டுதே, அது. அப்ப உன் சுண்டுவிரல் வில்லுமேல இருக்கா, தூக்கிக்கிட்டு நிக்குதா?"

மேனஸ் சிரித்தான். "சுண்டுவிரலா? அப்படி ஒண்ணு இருக்கறதே கையுறை மாட்டும்போதுதான் ஞாபகம் வரும்."

"வெளையாடாத. மெதுவா வாசிச்சுக் காட்டு. கையப் பாத்துக்கிட்டே வாசி."

அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்த அவன் மனைவி சோர்கா திரும்பிப் பார்த்தாள். மேனஸ் தலையைச் சாய்த்துத் தன் கையைத் தானே பார்த்தான். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வில்லை இழுத்தான். உதறல் வரவேண்டிய இடத்தில் கர்ரென்று ஒரு சத்தம் வந்தது, பன்றியைத் தூக்கத்தில் மிதித்ததுபோல்.

"இது இல்ல, இரு" என்றான். மறுபடி இழுத்தான். மறுபடி கர்ர். வேகமாக வாசித்தான். பாட்டு ஓடியது, அந்த இடம் வந்ததும் வில் சண்டிக்குதிரைபோல் நின்றது.

சோர்கா மாவுக்கையைத் தட்டினாள். "நல்லா இருக்குடி நாப்லா. ஒத்தக் கேள்வியில கையக் கொன்னுட்ட. எப்படி மூச்சு விடறன்னு மட்டும் கேட்டுடாத தாயி, கல்யாணம் வரைக்குமாவது அந்தாளு உயிரோட இருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள், மேனஸும்தான். புதன்கிழமை யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் சின்னதில்லை. மாப்பிள்ளைக்கு டின்னி என்று ஒரு மாமன் இருந்தான். அக்கார்டியன் பெட்டிக்காரன், பெட்டியைப்போலவே வாயும் அகலம். நிச்சயம் பேச வந்தபோதே, "பிடிலெல்லாம் கொசுச் சத்தம்பா. எங்காளுங்க ஆடுற ஆட்டத்துக்குக் காணாது" என்றான். அதற்கு மேனஸ், "என் மக ஆடுற முதல் ஆட்டத்துல பெட்டி தொறந்துச்சுன்னா, நான் பிடில அடுப்புல வச்சிடறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். இப்போது பெட்டி திறந்துவிடும் போலிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவள் தான்தான் என்று நாப்லாவுக்கு உறுத்தியது.

அதோடு இன்னொன்றும் அவளைக் குடைந்தது. வெட்கம்கெட்ட ஆவல் என்றுதான் சொல்லவேண்டும். மேனஸ் சரியாக வாசித்தவரைக்கும் அவன் கையில் எதையும் பார்க்க முடியவில்லை. கெட்டுப்போன பிறகோ எல்லாம் தெரிந்தது. அந்த இடம் நெருங்கும்போது சுண்டுவிரல் விறைத்து வில்லின் குச்சியை அழுத்துகிறது. கட்டைவிரல் நிமிர்ந்துகொள்கிறது. முழங்கைவரை இறுகிப்போகிறது. அதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். வேறெங்கே, தன்னுடைய கையில்தான்.

வியாழக்கிழமை மீன்மேடைமுன் நின்றபடி கத்தியை வில்போல் பிடித்துப் பார்த்தாள். சுண்டுவிரலைத் தளர்த்தினாள். கத்தி கையில் ஆடியது.

பக்கத்தில் நின்ற கிழவி நோரீன், "என்னடி, செத்த மீனுக்குத் தாலாட்டா?" என்றாள்.

"ஒண்ணு கேக்கணும் நோரீன். உனக்குக் கத்தி எப்பல்லாம் வழுக்கும்?"

"வழுக்கிடப்போகுதுன்னு இறுக்கிப் புடிச்சா வழுக்கும். மீனக் கீறு, மேஸ்திரி பாக்கறான்."

சாயங்காலம் வீட்டில் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. வில்லின் நுனிப்பக்கத்தைக் கம்பியில் வைத்தாள். கம்பியைக் கடிப்பதுபோல் வில்லை ஒரு அழுத்து அழுத்தினாள், உடனே பிடியைத் தளர விட்டுவிட்டாள். வில் தானே துள்ளித் தானே திரும்பியது. இழுப்பு, தள்ளல், இழுப்பு. சடசட. அவள் திடுக்கிட்டுப் போனாள். மறுபடி கடித்தாள், விட்டாள். சடசட. இத்தனை நாளும் மூன்றையும் தானே அடிக்கவேண்டும் என்று நினைத்துப் பாடுபட்டிருக்கிறாள்! அடிக்கவேண்டியது ஒன்றுதான். மற்ற இரண்டையும் கையைவிட்டுப் போக விடவேண்டும். ஒரு சுரத்துக்குப் பதில் மூன்று என்பதால், உதறி முடிந்ததும், ஒற்றைச் சுரம் வாசித்திருந்தால் எந்தப் பக்கம் நிற்குமோ அந்தப் பக்கத்திலேயே வில் நின்றது, பாட்டு கொஞ்சமும் தடுமாறவில்லை. அடுப்படியில் தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் திருடின பண்டம் மடியில் இருப்பதுபோல் கனத்தது. அவன் கையிலிருந்து போனது தன் கைக்கு வந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை போனபோது மேனஸ் தறியில் உட்கார்ந்திருந்தான். பிடில் பெட்டி மூடிக் கிடந்தது.

"எனக்கு வந்துடுச்சு மேனஸ். ஆனா உனக்கு எப்படிச் சொல்றதுன்னு பயமா இருக்கு. சொன்னா நீ மறுபடி கையத்தான் பாப்ப."

"சொல்லவேண்டாம்."

"அப்ப நாளைக்கு நான் மேல வாசிக்கிறேன். நீ கீழ போ. அங்க உதறவேண்டாம்."

தறி நின்றது. "எங்கப்பன் மேல. நான் மேல. பொண்ணக் கட்டிக்குடுக்கற அன்னைக்கு அப்பன்காரன் கீழ வாசிச்சு எவனாவது பாத்திருக்கானா? டின்னி சந்தை சந்தையா சொல்லிக்கிட்டுத் திரிவான்."

"அவன் பெட்டியத் தொறந்தா மட்டும் சொல்லமாட்டானா?"

"போ நாப்லா. மழை வலுக்கறதுக்குள்ள போ."

அவள் போய்விட்டாள். அவன் என்ன நினைத்தான் என்று தெரியாமலே சனிக்கிழமை வந்தது.

மாதாகோயில் சடங்கு முடிந்து, கூடத்தில் கறியும் கேக்கும் முடிந்து, பெஞ்சுகளைச் சுவரோரம் இழுத்துப் போட்டார்கள். நடுவில் இரண்டு நாற்காலி. ரோஷா வெள்ளை உடுப்பைக் கணுக்காலுக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையோடு வந்து நின்றாள். எதிர்ப் பெஞ்சில் டின்னி பெட்டியை மடியில் வைத்து வாரைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"அவசரம் ஒண்ணுமில்ல சம்பந்தி" என்றான். "கை வலிச்சா சொல்லுங்க, நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்."

மேனஸ் வில்லைக் கம்பியில் வைத்தான். எடுத்தான். மகளைப் பார்த்தான். கூடத்தில் பேச்சு அடங்கி, குழந்தைகளின் சத்தம் மட்டும் கேட்டது. நாப்லா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் பக்கம் குனிந்தான்.

"ஏய், பிரான்ஸி முதல் வில்ல இழுப்பானா, தள்ளுவானா? இத்தன வருசம் பக்கத்துலயே உக்காந்திருந்தான், நான் பாத்ததே இல்ல."

"நீ போற பக்கந்தான் அவனும் போவான்."

"அப்ப நீ போ. நான் வரேன்."

நாப்லா மேல்பாட்டை இழுத்தாள். மேனஸ் கனத்த கம்பியில் கூடவே இழுத்தான். முதல் உதறல் கீறலாகத்தான் விழுந்தது, டின்னி வாயைக் கோணினான். அடுத்ததில் வில்லால் கடித்தாள், உடனே பிடியை விட்டாள். தெறித்தது. பெஞ்சிலிருந்து ஒருவன் "அதான்!" என்று கத்தினான். ரோஷாவின் குதிகால் பலகையில் இறங்கியது. கூட்டம் பின்னாலேயே இறங்கியது. கொசுச் சத்தம் என்று சொன்னவனின் பெண்டாட்டி முதல் ஆளாக எழுந்து ஆடினாள்.

மேனஸ் கேட்டுக்கொண்டிருந்தான். மேலே இருக்கும்போது உதறல் வந்த வேகத்தில் போய்விடும், அவனே அதைக் கேட்டதில்லை. இங்கே கீழே அவனுடைய நீளமான சுரத்தின்மேல் அது ஆலங்கட்டி மழை ஓட்டுக்கூரையில் விழுவதுபோல் விழுந்தது. சுரத்தைக் கொஞ்சம் முன்னால் தொடங்கிப் பார்த்தான். உதறல் இன்னும் கூர்மையானது. கொஞ்சம் அடக்கி வாசித்தான். அது துள்ளியது. பிரான்ஸி, திருட்டுப்பயல், இத்தனை வருஷமும் இங்கே உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்தானா? தன்னுடைய உதறல் என்று ஊர் சொன்னதில் பாதி அவனுடையதா?

ஆட்டம் நின்றது. எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். டின்னி வாரைக் கழற்றிப் பெட்டியைக் காலடியில் வைத்தான்.

"அடுத்ததுக்கு நீ மேல வந்துடு" என்றாள் நாப்லா. "கை சரியாயிருக்கும். இப்ப நீ அத நெனைக்கவே இல்ல."

மேனஸ் நாற்காலியை அவள் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துப் போட்டான்.

"கை கெடக்குது விடு. இன்னொன்னு கீழயே வாசிக்கிறேன். இங்க என்னமோ நடக்குது, எனக்கு இன்னும் முழுசாப் புடிபடல."