மூன்று அதிகாரங்கள் மட்டும்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் 'சுதந்திரம் சார்'. கிண்டலுக்கு வைத்த பெயர்தான். வைத்தவர் கீழே டயர் கடை போட்டிருந்தவர். சார் அதைப் பட்டமாகவே வாங்கி வைத்துக்கொண்டார்.

டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள். முன்னறைக் கதவில் 'சுதந்திரச் சிந்தனை மையம் – சிறுவர் பிரிவு' என்று பலகை தொங்கியது. பெரியவர் பிரிவும் இருந்தது, பெரியவர்கள்தான் வரவில்லை. நடு அறையில் சார் சமைத்து, சாப்பிட்டு, படுத்துக்கொண்டார். கடைசியில் ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. வாரத்தில் மற்ற நாளெல்லாம் சாத்தியே கிடக்கும். சனி, ஞாயிறு மட்டும் அதில் அவருடைய மகள் இருப்பாள்.

சனிக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் படியேறி வருவார்கள். உன் பொருள் உன்னுடையது. இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் அது வியாபாரம், ஒருவருக்கு மட்டும் சம்மதம் என்றால் அது பிடுங்கல். அரசாங்கம் என்பது ரெஃப்ரி. ரெஃப்ரியே பந்தை உதைக்க ஆரம்பித்தால் ஆட்டம் நாசம். இவ்வளவுதான் பாடம். சார் அதை நன்றாகவே நடத்தினார். அங்கே யாரும் யாரையும் நிமிர்ந்து உட்காரச் சொல்வதில்லை என்பதால் பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்திருந்தது. பெற்றோருக்கு இன்னும் பிடித்திருந்தது. பிள்ளைகள் சுதந்திரத்தைக் கற்றார்களோ இல்லையோ, அந்த இரண்டு மணி நேரம் பெற்றோருக்கு அது கிடைத்தது.

வகுப்பில் போதித்ததை வீட்டில் கடைப்பிடிக்காத ஆள் என்று சாரை யாரும் சொல்லிவிட முடியாது. வீட்டில் அவர்தான் அரசாங்கம், மகள்தான் மக்கள். தனக்கு மூன்றே மூன்று அதிகாரங்களை அவர் ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார்: அடுப்பு, வாசல் தாழ்ப்பாள், தெருவைக் கடப்பது. இந்த மூன்றைத் தவிர வேறெதிலும் மகளிடம் 'செய்' என்றோ 'செய்யாதே' என்றோ சொல்வதில்லை. சாப்பிடுவது, குளிப்பது, தூங்குவது, சிரிப்பது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது எல்லாம் மக்கள் விவகாரம்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. சாரின் அப்பா, முடியை எவ்வளவு வெட்ட வேண்டும், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்பது வரை உத்தரவு போட்டவர். என்ன படிப்பு, எந்தப் பெண் என்பதெல்லாம் சாருக்குச் சேதியாகத்தான் வந்தது. மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, இவளுக்கு அப்படியொரு அப்பா வாய்க்கக் கூடாது என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவு நல்ல முடிவுதான். அதை அவர் கொஞ்சம் அளவுக்கு மீறி நிறைவேற்றிவிட்டார்.

அப்படிச் சேதியாக வந்த மனைவி நகராட்சியில் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர். யார் கடை திறந்தாலும், யார் பலகை மாட்டினாலும் அவள் கையெழுத்து வேண்டும். சார் ஊர் முழுக்க எதிர்த்ததெல்லாம் மாலை ஆறு மணிக்குக் கைப்பையோடு வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. எவ்வளவு நாள் தாங்கும்? பிரிந்தார்கள். மையத்தின் பலகைக்கு அனுமதி கொடுத்ததும் அவள்தான். அந்த விஷயத்தை சார் பாடத்தில் சேர்ப்பதில்லை.

மகளுக்கு அடுத்த வாரம் பன்னிரண்டு முடிகிறது. அதன் பிறகு அப்பா வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்று நீதிமன்றம் அவளையே கேட்கும். வியாழக்கிழமை ஆலோசகர் முன்னால் போக வேண்டும். அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால், அந்த ஜன்னல் அறை வாரம் முழுக்கச் சாத்தித்தான் கிடக்கும். சார் இதை நினைக்காத நேரமில்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

"ஒரு சைக்கிள் வாங்கிக் குடுத்துருங்க சார். பிள்ளை உங்க பக்கம் வந்துரும்" என்றார் டயர் கடைக்காரர்.

"அது லஞ்சம். சந்தையைக் கெடுக்கிற வேலை."

"சந்தை கெட்டா கெட்டுட்டுப் போகட்டும் சார். பிள்ளை கெடைக்குமில்ல?"

"அவ சுயமா முடிவெடுக்கணும். அதுக்குத்தான் இத்தனை வருஷம் அவளைத் தயார் பண்ணியிருக்கேன்."

"என்னை மாதிரி ஆளுக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லிவிட்டு அவர் காற்றடிக்கும் பம்பைப் போட்டார். அந்தச் சத்தத்துக்கு மேல் தத்துவம் பேச முடியாது.

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் சந்தை விளையாட்டு. வேண்டாத பொருள் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள வேண்டும். முடிவில் எல்லோரும் முன்பைவிடச் சந்தோஷமாக இருப்பார்கள். சந்தையின் மகிமையை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது என்று சார் நம்பினார். விமானம் கைமாறியது, கோலிகள் கைமாறின, ஒரு விசில் மூன்று கை மாறியது. முன்பல் விழுந்த சின்னப் பெண் ஒருத்தி மட்டும் ஒற்றைக் கண் பொம்மையோடு நின்றாள். அதை யாரும் கேட்கவில்லை. அவள் உதடு பிதுங்கியது.

சார் தலையிடவில்லை. சந்தையில் சில நேரம் இப்படியும் நடக்கும் என்பதும் ஒரு பாடம்தானே.

அவருடைய மகள் எழுந்து போனாள். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு என்னவோ பேசினாள். பிறகு தன் வண்ணப் பென்சில் டப்பாவை அவள் மடியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"பதிலுக்கு என்ன வாங்கின?" என்றார் சார்.

"ஒண்ணும் வாங்கல."

"அப்ப அது பரிமாற்றம் இல்லையேம்மா."

"அவ அழுதாப்பா. ஏன் அழறேன்னு கேட்டேன். சொன்னா."

சார் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "கவனிங்க. சொந்த விருப்பத்தில் கொடுக்கிற கொடையும் சுதந்திரத்தில் அடக்கம்தான்" என்று விளக்கினார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் லேசாகச் சிவந்திருந்ததை சார் அப்போதுதான் கவனித்தார்.

மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. தட்டில் ரொட்டி அப்படியே இருந்தது. சார் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ரொட்டியைப் பார்த்தார். சாப்பாடு அந்த மூன்றில் வராது. ராத்திரியும் பாதி ரொட்டி மிச்சம். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அவள் அந்தச் சின்ன அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சார் வாசற்படியில் போய் நின்றார்.

"உள்ள வரலாமா?"

"உங்க இஷ்டம்."

அந்தப் பதில் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். சரியாகத்தான் சொன்னாள். அவர் உள்ளே போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னு உனக்கா தோணுதா? கட்டாயமில்ல."

"இல்லப்பா" என்றாள்.

"நல்லது. சொல்லாம இருக்கறதும் உன் உரிமைதான்" என்றார். சொன்ன பிறகும் அங்கேயே நின்றார். கையை நீட்டினால் அவள் தலை எட்டும் தூரம்தான், அறை அவ்வளவு சின்னது. நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தார். அனுமதியில்லாமல் இன்னொருவர் உடம்பைத் தொடக்கூடாது என்பது மூன்றாவது வாரப் பாடம். நடு அறைக்குத் திரும்பி வந்து, ஏற்கெனவே கழுவியிருந்த இரண்டு தம்ளர்களை மறுபடி கழுவினார்.

சாயந்திரம் மகளை அழைத்துப் போக அவள் அம்மா வந்தாள். மேலே வருவதில்லை, ஸ்கூட்டரை டயர் கடை முன்னால் நிறுத்தி ஹாரன் அடிப்பாள். மகள் பையோடு இறங்கினாள். சார் படியின் பாதி வரை வந்து நின்றார்.

அம்மா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரே பார்வைதான்.

"என்னடி மூஞ்சி இது? சாப்டியா இல்லையா? யார் என்ன சொன்னா? வாயைத் தொறந்து சொல்லப் போறியா, ரெண்டு வைக்கவா?"

தனி மனித உரிமைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மீறிய பேச்சு அது. மகள் அப்படியே அம்மாவின் தோளில் விழுந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தோழி வேறு இடம் மாறிப் போய்விட்டாள். இவளோடு யாரும் பேசக்கூடாது என்று மற்றவர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமையிலிருந்து யாரும் பேசவில்லை. விக்கலுக்கு நடுவே எல்லாம் வந்தது.

"அவ கிடக்கறா கழுத. நாளைக்கு நான் வரேன் ஸ்கூலுக்கு. மொதல்ல மூக்கைத் தொடை."

டயர் கடைக்காரர் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். படியில் நின்ற சாரை யாரும் கவனிக்கவில்லை. ரெண்டு நாள் தன் கூரைக்குக் கீழே இருந்த துக்கத்தை, தெருவில் நிற்கிற ஸ்கூட்டர்தான் முதலில் கேட்டது என்று அவருக்குத் தோன்றியது. உவமை நன்றாக வந்திருப்பதாகவும் தோன்றியது. அதற்காக உடனே வெட்கப்பட்டார். ஸ்கூட்டர் கிளம்பியது.

வியாழக்கிழமை ஆலோசகர் அறையில் ஒரு மேசை, நான்கு நாற்காலி, சத்தமில்லாத மின்விசிறி. ஆலோசகர் நடுத்தர வயதுப் பெண், தலைவலித் தைல வாசனை அடித்தது. மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"யாருக்கும் பயப்பட வேண்டாம்மா. சனி ஞாயிறு அப்பா வீட்டுக்குப் போக உனக்கு விருப்பமா?"

மகள் சாரைப் பார்த்தாள்.

"அப்பா, நான் வரணுமா?"

அறையில் எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். அம்மாகூடப் பார்த்தாள், அவள் முகத்தில் விரோதம் ஒன்றும் இல்லை, சீக்கிரம் சொல்லித் தொலையுங்களேன் என்பதுபோல்தான் இருந்தது. 'வரணும்' என்ற வார்த்தை சாரின் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே அவருடைய அப்பா நின்றுகொண்டிருந்தார், கையில் உத்தரவோடு. சார் தொண்டையைச் செருமினார்.

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. உன் முடிவுல என் நிழல்கூட விழக் கூடாது. நீ எதைத் தேர்ந்தெடுத்தாலும் எனக்குச் சம்மதம்."

"எதைன்னாலும் சம்மதமா?"

"எதைன்னாலும்."

மகள் தன் கையைப் பார்த்துக் குனிந்தாள். "அப்ப வரல" என்றாள்.

"எப்பவாச்சும் போகணும்னு தோணினா போகலாம்னு வச்சுக்கலாமா?" என்று ஆலோசகர் கேட்டார். அவள் தோளைக் குலுக்கினாள்.

வெளியே நடையில் சார் மகளிடம் கையை நீட்டினார். "சுயமா எடுத்த முதல் முடிவு. வாழ்த்துகள்" என்றார். அவள் கை கொடுத்தாள். ஏதோ கம்பெனியில் ஒப்பந்தம் முடிந்ததுபோல இருவரும் குலுக்கிக்கொண்டார்கள். அவள் கை சில்லென்றிருந்தது. அம்மா குனிந்து, "ஷூ நாடா அவிழ்ந்து கிடக்கறது கண்ணுக்குத் தெரியலையா? படியில விழுந்து பல்லை ஒடைச்சுக்கோ" என்று திட்டிக்கொண்டே முடிச்சுப் போட்டாள். நாடா அவிழ்ந்திருந்ததை சார் வந்தவுடனேயே பார்த்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு வழக்கம்போல நடந்தது. பெற்றோர் வந்து பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். "எங்க சார் உங்க பொண்ணு?" என்று ஓர் அப்பா கேட்டார். "அவளுக்கு வேற வேலை" என்றார் சார். முன்னறை காலியானதும் நாற்காலிகளை அடுக்கினார். கீழே பம்ப் ஓடி நின்றது. நடு அறையில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

அம்மாதான் எடுத்தாள். "சொல்லுங்க."

"அவகிட்டக் குடு."

மகள் குரல் வந்தது. பின்னால் டி.வி. சத்தம். "என்னப்பா?"

சார் ஒரு சொற்பொழிவுக்கு வேண்டிய மூச்சை இழுத்தார். சொற்பொழிவு வரவில்லை.

"வா" என்றார்.

"என்ன?"

"வான்னு சொல்றேன். நீ இங்க வரணும்."

மறுமுனையில் டி.வி. சத்தம் குறைந்தது. "எதுக்குப்பா?"

"எதுக்கும் இல்ல. சும்மாதான். வீடு வீடா இல்லம்மா."

போன் காதில் சூடாகும் வரை அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்."

"சனிக்கிழமைக்கு அம்மா நீச்சல் கிளாஸ்ல சேர்த்துட்டாங்க. பாக்கறேன்ப்பா. வேற நாள் எப்பவாச்சும்."

"சரிம்மா" என்றார்.

போனை வைத்தார். அவருடைய ஆட்சியில் அந்த மூன்றுக்கும் வெளியே பிறந்த முதல் உத்தரவு அது. நிறைவேற்ற ஓர் ஆள்கூட இல்லாத உத்தரவு. சார் எழுந்து போய்ச் சின்ன அறையின் கதவைத் திறந்தார். சுவர்ப் பக்கம் திரும்பி, அவள் படுத்திருந்த மாதிரியே கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் சுவர் மட்டும்தான் தெரிந்தது. வாசற்படியில் ஓர் ஆள் வந்து நின்றாலும் தெரியாது.